பருந்தா, கழுகா? சம்பல் தரும் துப்பு

சம்பல் என்றால் ஒரு காலத்தில் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். பூலான் தேவி 1983இல் சரணடைந்தது இந்த வட்டாரத்து பிண்ட் நகரில்தான். இன்று அதே மண்மேடுகளுக்கு நடுவே பைனாகுலரும் கையுமாக ஆட்கள் படகேறுகிறார்கள். அவர்கள் தேடுவது வானத்து வேட்டைக்காரர்களை.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என மூன்று மாநிலங்களில் நீள்கிறது தேசிய சம்பல் சரணாலயம். அக்டோபர் முதல் மார்ச் வரை பறவை பார்க்க நல்ல பருவம். வெயில் ஏறியதும் கரையோர மேடுகளிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்றில் ஏறி வட்டமிடத் தொடங்குகின்றன பறவைகள். எல்லாம் பருந்துதானே என்று நினைத்தால் பாதி சுவாரசியம் போய்விடும்.

வெளிச்சத்துக்கு எதிரே எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். எனவே நிறத்தை நம்பாமல் வாலையும் இறக்கையையும் பார்ப்பதே நல்லது. வால் நடுவில் பிளவுபட்டிருந்தால் அது கரும்பருந்து. ஆனால் வாலை விரித்தால் பிளவு மறைந்துவிடும். அவசர முடிவு கூடாது. இறக்கைகளை லேசாக 'வி' வடிவில் தூக்கியபடி நாணல் மேல் தாழப் பறந்தால் சேற்றுப் பூனைப்பருந்து. நாலைந்து முறை சிறகடித்து, பிறகு சற்று மிதந்து, மரங்களுக்குள் நுழைவது வல்லூறு. அடிவயிறு வெள்ளை, கண்ணோரம் கறுப்புப் பட்டை, தண்ணீர் மேல் நின்றபடி சிறகடித்து, கால்களை முன்நீட்டிப் பாய்ந்தால் சந்தேகமே வேண்டாம்: குளிர்கால விருந்தாளியான விராலடிப்பான். பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி தூக்கிச் செல்லும்.

பெயர் தெரிந்தால் ஆற்றின் நிலையும் தெரியும். விராலடிப்பானுக்கு மீன் கண்ணில் படும் அளவு தெளிந்த நீர் வேண்டும். பூனைப்பருந்துக்கு நாணல் வேண்டும். ராசாளிக் கழுகுக்குக் கூடு கட்ட, மனிதத் தொல்லையில்லாத செங்குத்துச் சரிவோ பெருமரமோ வேண்டும். கரும்பருந்துக்கு மட்டும் ஊர்க் குப்பையே போதும்.

ஆபத்து தரையில் இருக்கிறது. சட்டவிரோத மணல் அள்ளல் சம்பலின் தீராத நோய். கரியால் எனப்படும் நீள்மூக்கு முதலைகளில் உலகில் எஞ்சியவற்றின் பெரும்பகுதி இங்கேதான் வாழ்கிறது. மார்ச், ஏப்ரலில் அவை முட்டையிடுவது மணல் திட்டுகளில். கீழலகால் நீரைக் கீறியபடி பறக்கும் ஸ்கிம்மர் பறவைகளுக்கும் மணல்தான் கூடு. கோட்டா அணைக்கட்டிலிருந்து கால்வாய்களுக்கு நீர் திரும்புகிறது. கோடையில் ஆறு வற்றும்போது தீவுகள் கரையோடு சேர, நாய்களும் நரிகளும் முட்டைகளைத் தேடி நடந்தே வந்துவிடுகின்றன.

தடுப்பது எளிதல்ல. 2012 மார்ச்சில் மொரேனா மாவட்டத்தில், சட்டவிரோதமாகக் கல் ஏற்றிவந்த டிராக்டரை மறித்த இளம் ஐ.பி.எஸ். அதிகாரி நரேந்திர குமார் அதே வண்டியில் நசுக்கப்பட்டு உயிரிழந்தார்.

சுற்றுலாப் பயணியால் டிராக்டரை மறிக்க முடியாது. ஆனால் எந்தப் பறவையை, எந்தப் படித்துறையில், எந்தத் தேதியில் பார்த்தார் என்று குறித்துவைக்க முடியும். பல ஆண்டுக் குறிப்புகளை அடுக்கிப் பார்த்தால் எது குறைகிறது, எங்கே குறைகிறது என்பது தெரியவரும். ஒரு முழுக் குளிர்காலத்திலும் கரும்பருந்துகளை மட்டுமே பார்த்ததாகக் குறிப்பேடு சொன்னால், கவலைப்பட வேண்டியது வானத்தைப் பற்றியல்ல, ஆற்றைப் பற்றி.