உங்களுக்குத் தெரியுமா? கொசுவுக்குள் ஒரு பிழை!

'பெம்பான்' என்று தட்டிப் பாருங்கள். நமக்கு 4 எழுத்து. கணினிக்கு 8 குறியீடு! யுடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் நம்ம ஊர்ப் பெயர் பிடிக்கும் இடம் 24 பைட்!

'கொசு'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்றில் 4 குறியீடு, மற்றதில் 5! கண்ணுக்கு இரண்டும் ஒரே கொசுதான். ஆனால் சில எடிட்டர்களில் ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது!

இந்தப் பிழையைப் புகார் செய்யத் திரையைப் படமெடுத்து அனுப்பினால் போதுமா? போதவே போதாது! படத்தில் இரண்டு கொசுவும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? அந்தக் கோப்பையே இணைத்து அனுப்புங்கள். ஆள் அகப்பட்டுவிடுவான்!

'ஸ்ரீ' இன்னும் மோசம். ஸகரம் போட்டும் எழுதலாம், ஶகரம் போட்டும் எழுதலாம். பார்த்தால் ஒன்று, உள்ளே வேறு!

2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்து ஐபோன்களைக் கவிழ்த்தது! அது வந்து விழுந்த செயலி அப்படியே முடங்கும். அதே மாதம் ஆப்பிள் 11.2.6 பதிப்பை வெளியிட்டு அடைத்தது. ஒரு எழுத்துக்காக ஒரு பதிப்பு!

விண்டோஸ் எக்ஸ்பி நோட்பேடில் 'புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்' (புஷ் உண்மைகளை மறைத்தார்) என்று ஆங்கிலத்தில் சேமித்து மூடுங்கள். மறுபடி திறந்தால் ஆங்கிலமே இருக்காது! இடைவெளியோடு சேர்த்து 18 எழுத்து, 9 சீன எழுத்தாக மாறி நிற்கும். அரசியல் சதி என்றே கிளப்பிவிட்டார்கள்! சதியுமில்லை, ஒன்றுமில்லை. கோப்பு எந்தக் குறியாக்கம் என்று நோட்பேட் தப்பாக ஊகித்தது, அவ்வளவுதான்!

ஈமேக்ஸ் எடிட்டரில் புகார் எழுதவே தனிக் கட்டளை உண்டு! பதிப்பு எண், இயங்குதளம் எல்லாவற்றையும் அதுவே நிரப்பித் தரும். நீங்கள் எழுத வேண்டியது மூன்றே மூன்று: எந்த விசைகளைத் தட்டினீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதுகிறவர்களுக்குக் கும்பிடு!

விம் எடிட்டரில் பிழையா? முன்னால் இரண்டு சிறு கோடு போட்டு 'கிளீன்' (--clean) என்ற சொல்லைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். உங்கள் சொந்த அமைப்புகள், கூடுதல் நிரல்கள் எதுவுமே ஏறாது. பிழையும் காணாமல் போனால் குற்றவாளி பெரும்பாலும் விம் அல்ல, நீங்கள் போட்ட அமைப்போ நிரலோதான்!

பிழை சொன்னால் காசு! 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதிய டொனால்ட் க்னூத், தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்தவர்களுக்குக் காசோலை அனுப்பினார். தொகை 2.56 டாலர். பலர் மாற்றவே இல்லை. சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்கள்!

சரி, கணினியில் தமிழைத் தட்ட 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் மென்பொருள் யாருடையது? நம் மலேசியர் முத்து நெடுமாறனுடையது! இன்று ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் 'அஞ்சல்' என்ற பெயரிலேயே தமிழ் விசைமுகம் இருக்கிறது!

அடுத்த முறை உங்கள் எடிட்டரில் தமிழ் உடைந்தால் திட்டிவிட்டு மூடாதீர்கள். பதிப்பு எண்ணைக் குறித்து, கோப்பை இணைத்து, உடனே அனுப்பிவிடுங்கள்!