மணலை ஏமாற்றும் நுண்துகள்கள்

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உள்ள உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து, இருட்டறையில் வைத்துப் பக்கவாட்டில் டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். நீருக்குள் ஒளி வெண்கோடாகத் தெரிந்தால், அதில் கண்ணுக்குப் புலப்படாத துகள்கள் மிதக்கின்றன என்று பொருள். இதுவே டிண்டால் விளைவு. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இவற்றைக் கூழ்மத் துகள்கள் என்பர். களிமண்ணும் இரும்புத் துருவும் இந்த அளவுக்கு நுணுகிக் கிடப்பதுண்டு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் அமைந்தது. இத்தகைய இடங்களில் கழிவோடு ஈயம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும்? களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது நகராது என்றே வெகுகாலம் எண்ணினர். ஆனால் ஒட்டிய களிமண்ணே நகர்ந்தால்? அமெரிக்காவின் நெவாடாவில் 1968-இல் பூமிக்கடியில் நடந்த பென்ஹாம் அணுகுண்டுச் சோதனையின் புளுட்டோனியம், 1.3 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணற்று நீரில் அகப்பட்டது. ஏறக்குறைய முழுவதும் கூழ்மத் துகள்களின் முதுகில் ஏறி வந்திருந்தது என 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே வழி பாறை வெடிப்புகள். நம் ஊரில் மணலும் களிமண்ணும்.

மணல் சல்லடை போல வேலை செய்கிறது என நினைக்கிறோம். உண்மையில் மணிகளுக்கிடையே உள்ள துளைகள் இத்துகள்களைவிடப் பன்மடங்கு பெரியவை. துகளைப் பிடிப்பதும் விடுவதும் மின்விசையின் வேலை. நீரில் மணலும் களிமண்ணும் எதிர்மின்னூட்டம் பெறுவதால் ஒன்றையொன்று விலக்கும். நீரில் உப்பு மிகுந்தால் இந்த விலக்கு விசை மறைக்கப்பட்டு, துகள் மணலை நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழை இறங்கும்போது உப்பு குறைகிறது, விலக்கு விசை தலைதூக்குகிறது, ஒட்டியிருந்தவை கழன்று ஓடுகின்றன. தூய மழைநீரா இப்படிச் செய்கிறது என்று என் மாணவர்கள் நம்ப மறுப்பதுண்டு!

இதை எப்படிப் பார்ப்பது? மணல் நிரப்பிய குழாயின் மேலே ஊற்றிக் கீழே அளந்தால், நடுவில் நடந்தது ஊகமே. ஆகவே குழாயைச் சுழற்றி நூற்றுக்கணக்கான எக்ஸ்-கதிர் நிழல்களைப் பதிவு செய்து, கணிப்பொறியால் முப்பரிமாணப் படமாக்குகின்றனர். மருத்துவமனை சி.டி. ஸ்கேனின் தத்துவமே இது. இந்தூரிலுள்ள இந்தஸ்-2 சின்க்ரோட்ரானில் இவ்வகைப் படமெடுக்கும் வசதி உண்டு. மணலில் இருப்பவை சிலிக்கனும் ஆக்சிஜனும். துகள்களில் வெள்ளி போன்ற கனத்த தனிமம் இருந்தால் தனித்துத் தெரியும். தனித் துகள் அகப்படாது. ஆனால் மணிகள் தொட்டுக்கொள்ளும் மூலைகளில் அவை குவிவது தெரியும். தனித் துகளின் போக்கைக் காண, துளைகள் செதுக்கிய கண்ணாடித் தகடும் ஒளிரும் துகள்களும் நுண்ணோக்கியும் வேண்டும்.

நீரில் கரைந்த உலோகத்தை அளக்கும்முன் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுவது வழக்கம். அதைவிடப் பெரிய துகள்கள் சுமந்த ஈயம் தாளிலேயே தங்கிக் கணக்கில் வராது போகும். வடிகட்டாத நீரையும் சேர்த்துச் சோதித்தால்தான் முழுக்கணக்கு கிடைக்கும். டார்ச் விளக்கு ஈயத்தைக் காட்டாது. துகள் உண்டா என்பதை மட்டுமே சொல்லும். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள்.