ஏரியும் காடும்: ஒரு சிவில் மாணவனின் மலை நடை



பேரவை மலருக்கு ஏதாவது எழுது என்று வகுப்புத் தோழர்கள் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராதுப்பா" என்று நழுவப் பார்த்தேன். "கவிதை வேண்டாம், உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்றார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, எங்க ஊருக்குத் தெற்கே நிற்கிற மலை. இன்னொன்று, அந்த மலையில் நான் வழி தவறிய கதை. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். காட்டில் நடக்க ஆசைப்படும் நண்பர்களுக்குப் பயன்பட்டால் மகிழ்ச்சி!

நான் பொம்மிடிக்காரன். சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயிலில் போனவர்கள் எங்க ஊரைப் பார்த்திருப்பீர்கள். மொரப்பூர் தாண்டி பொம்மிடி. அப்புறம் லோகூர், டேனிஷ்பேட்டை. வண்டி பொம்மிடியை விட்டுக் கிளம்பியதும் இடது பக்க ஜன்னலில் நீலச் சுவர் மாதிரி ஒன்று கூடவே வருமே, அதுதான் சேர்வராயன் மலை. அதன் மேலேதான் ஏற்காடு இருக்கிறது. ஏரி, காடு என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பார்கள். ஆனால் நம்மில் பலருக்கு ஏற்காடு என்றால் படகு, பஜ்ஜி, போட்டோ. அவ்வளவுதான்!

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

நாங்கள் செய்த தவறு

முதலாமாண்டு முடிந்த கோடை விடுமுறை. நானும் ஊர் நண்பர்கள் நான்கு பேரும் அடிவாரத்திலிருந்து மலை ஏறுவது என்று முடிவு செய்தோம். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வனத்துறையில் அனுமதி வாங்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஐந்து பேருக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் முறுக்கு. கிளம்பும்போதே மணி பதினொன்று.

ஆட்டுத்தடம் ஒன்றைப் பிடித்து ஏறினோம். உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு மணி நேரம் போனதும் தடம் இரண்டாகப் பிரிந்தது. அப்புறம் நாலாகப் பிரிந்தது. அப்புறம் தடமே இல்லை! மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் தீர்ந்துபோனது. ஒரு நண்பனுக்குக் காலில் குறக்களி பிடித்தது. வாந்தியும் எடுத்தான். இறங்கிவிடலாம் என்று பார்த்தால் எந்தப் பக்கம் இறங்குவது? "ஓடை கீழேதானே போகும், ஓடையைப் பிடிச்சு இறங்குவோம்" என்று நான்தான் சொன்னேன். சிவில் மாணவன் அல்லவா! காய்ந்த ஓடையில் பாறை பாறையாக இறங்கினோம். கடைசியில் இரண்டு ஆள் உயரப் பாறை விளிம்பில் வந்து நின்றோம். கீழே குதிக்கவும் முடியாது, மேலே திரும்பி ஏறத் தெம்பும் இல்லை.

மாடு தேடி வந்த மலைக்காரப் பெரியவர் ஒருவர் எங்கள் கத்தலைக் கேட்டு வந்தார். தண்ணீர் கொடுத்தார். குடிக்கும்போது, "மொத்தமா ஊத்தாத, கொஞ்சம் கொஞ்சமா குடி" என்றார். பிறகு எங்களை ஓடையை விட்டுப் பக்கத்து மேட்டுக்கு ஏற்றி, மேட்டோடு மேடாக இறக்கிவிட்டார். "ஓடைக்குக் குதிக்கத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று அவர் கேட்டதை இன்னும் மறக்கவில்லை.

வீடு வந்து சேர மணி எட்டு. அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சொல்லிட்டுப் போயிருந்தா, தேடியாவது வந்திருப்பேன்டா."

அந்த ஒரு வார்த்தைதான் காட்டில் நடக்கிறவன் கற்க வேண்டிய முதல் பாடம். எங்கே போகிறோம், எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலோ விடுதியிலோ ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

சமஉயரக் கோடு என்ன சொல்கிறது?

அந்த வருஷம் சர்வே பேப்பரில் எனக்கு அரியர். காண்டூர் என்கிற சமஉயரக் கோடு மண்டையில் ஏறவே இல்லை. மறுபடி படிக்கும்போதுதான், அந்த மலையிலே நாங்கள் பட்ட பாடெல்லாம் அந்தக் கோடுகளில் முன்பே எழுதியிருக்கிறது என்று புரிந்தது.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் சரிவு மெல்லியது, நடக்கலாம். நெருங்கி இருந்தால் செங்குத்து. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது பாறைச் சுவர். அந்தப் பக்கமே போகக் கூடாது. கோடுகள் 'வி' மாதிரி வளைந்து அதன் முனை மேட்டைப் பார்த்தால் அது ஓடைப் பள்ளம். முனை பள்ளத்தைப் பார்த்தால் அது மலை முதுகு. அந்தப் பெரியவர் எங்களை இறக்கியது இந்த முதுகு வழியாகத்தான்.

ஒருநாள் டோப்போ ஷீட்டின் நகலை வீட்டுத் தரையில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் படிக்கப் போனவன் நான்தான். அவர் கிணறு வெட்டும் தொழிலாளி. போர் வண்டி வந்த பிறகு அந்த வேலை குறைந்துபோய், இப்போது கிடைக்கிற வேலைக்குப் போகிறார். "இந்தக் கோடெல்லாம் ஒரே உசரம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு 'வி' வளைவில் விரலை வைத்து, "அப்ப இது ஓடை. இங்க தோண்டினா தண்ணி இருக்கும்" என்றார்.

எனக்கு ஒரு செமஸ்டர் எடுத்தது. அவருக்கு இரண்டு நிமிஷம்!

நேரக் கணக்கு

மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது. சமதளத்தில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 6 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 12 நிமிஷம், கூட 1 மணி. மொத்தம் 2 மணி 12 நிமிஷம். இது நல்ல பாதைக்கும் நல்ல உடம்புக்கும் உள்ள கணக்கு. நம்ம ஊர் வெயிலுக்கும் முள்ளுக்கும் பாதிக்குப் பாதி கூட்டிக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மரத்தடியில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போடலாம். முழுக்கைச் சட்டை, பிடிப்புள்ள ஷூ, டார்ச், விசில். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். விசிலுக்குத் தொண்டை கட்டாது. செல்போனை மட்டும் நம்ப வேண்டாம். டவர் இல்லாவிட்டாலும் இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். காட்டும் என்பது உண்மைதான். ஆனால் பேட்டரி தீர்ந்தால் அது வெறும் கண்ணாடிச் சில்லு.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த இடத்தை அசைக்காமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காட்டெருமை எதிரே வந்தால் போட்டோ எடுக்க நிற்காமல் சத்தமின்றிப் பின்வாங்குங்கள்.

அனுமதி எதற்கு?

"காடு என்ன அவங்க வீட்டுச் சொத்தா?" என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடை போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் நம்மைவிடச் சில வயதே மூத்தவர்கள். தீயின் குணம் ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அது சரிவில் மேல்நோக்கி ஏறும்போதுதான் வேகமாகப் போகும். கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதுதான் காரணம். அதனால் தீக்கு மேல்பக்கம் நிற்பது பேராபத்து. பிப்ரவரி முதல் நல்ல மழை பெய்யும்வரை இலையுதிர் காடு முழுக்கச் சருகுதான். அந்த மாதங்களில் எந்தப் பாதை பாதுகாப்பானது, எதை மூட வேண்டும் என்று வனத்துறைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

குரங்கணிக்குப் பிறகு அதே 2018-ல் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்துவிட்டார்கள். அந்தந்த மலையைச் சேர்ந்த இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். எங்களைக் காப்பாற்றிய பெரியவருக்கு இருந்த அறிவு இப்போது சம்பளமுள்ள வேலையாகியிருக்கிறது. நல்ல விஷயம்தானே!

அப்பாவோடு ஒரு நடை

அரியரை முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு ஏற்காடு போனேன். இந்த முறை எல்லோருக்கும் சொல்லிவிட்டு, சேலத்திலிருந்து பஸ்ஸில் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு! சேலம் சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி வீதம் குளிர்ச்சி கூடும். கணக்குப் போட்டால் எட்டு டிகிரி வித்தியாசம். அப்பா கணக்குப் போடவில்லை. துண்டை எடுத்துக் காதில் கட்டிக்கொண்டார்.

ஏரிக்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சேர்வராயன் கோயிலுக்கு ரோட்டோரமாகவே நடந்தோம். இருபுறமும் காப்பித் தோட்டம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. மலையின் உச்சி 1,623 மீட்டர். அங்கே குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் மே மாதம் இங்கே திருவிழா எடுப்பார்கள். குகைக்குள் குனிந்து போனபோது கல்லைத் தடவிப் பார்த்து, "ஈரம் இருக்கு" என்றார் அப்பா. கிணறு வெட்டுகிறவருக்குக் கண்ணில் படுவது அதுதான்.

வெளியே வந்து அப்பாவுக்கு ஒரு விஷயம் விளக்கினேன். இந்த மலையின் தெற்குச் சரிவில் ஓடும் திருமணிமுத்தாறு சேலம் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிறது. வடக்கே இறங்கும் வாணியாறோ எங்க பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் முள்ளிக்காட்டில் அணையில் தேங்கி, அரூர் பக்கமாகப் போய்த் தென்பெண்ணையில் கலந்து, சாத்தனூர் அணை தாண்டிக் கடலூர் அருகே கடலைத் தொடுகிறது. மழை ஒன்றுதான். மலை முதுகுக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ, அதைப் பொறுத்து ஆறு வேறு, ஊர் வேறு.

ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மி.மீ. மழை. தர்மபுரி மாவட்டத்துக்குக் கிடைப்பது 900-க்கும் குறைவு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் காட்டில் 10 மி.மீ. பெய்தால் 40,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்று லோடுக்கும் அதிகம்! மொட்டைப் பாறையில் விழுந்தால் அது சில மணி நேரத்தில் ஓடிவிடும். சருகும் வேரும் உள்ள காட்டில் விழுந்தால் மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் ஊறி, ஓடையாகவும் கிணற்று ஊற்றாகவும் வரும். காடு என்பது சிமெண்டும் கம்பியும் இல்லாமல் கட்டின அணை.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா வடக்கே பார்த்தார். ஒரே மூடுபனி. ஊரும் தெரியவில்லை, அணையும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முப்பது வருஷமா கீழ தோண்டிக்கிட்டே இருந்தேன். தண்ணி மேல இருந்து வருதுன்னு ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்" என்றார்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் ரோடு போடுவோம், கட்டடம் கட்டுவோம், லைன் இழுப்போம். மலையைக் கோடாக மட்டும் தாளில் பார்த்துவிட்டு அதை வெட்டக் கையெழுத்துப் போடுகிறவர்களாக ஆகிவிடக் கூடாது. அனுமதியோடு, தண்ணீரோடு, வீட்டில் சொல்லிவிட்டு ஒருமுறை நடந்து பாருங்கள். முடிந்தால் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். நாம் படித்ததை அவர்களுக்குச் சொல்லலாம். அவர்களுக்குத் தெரிந்ததை நாம் கேட்கலாம்.



— மூன்றாமாண்டு சிவில் மாணவன், பொம்மிடி