வீடு நிறையத் தாள், வயிறு காலி!

கி.பி. 303-ல் ரோமாபுரிச் சக்கரவர்த்தி கிறிஸ்தவர்களை ஒடுக்கத் தொடங்கினார். லாக்டான்டியஸ் என்ற ஆசிரியருக்கு வேலை போயிற்று. தம் மதத்தைப் பழித்தவர்களுக்குப் பதிலாக அவர் லத்தீனில் எழுதியதே 'தெய்வீகப் போதனைகள்'.

ரோமுக்கு அருகே சுபியாக்கோ மடத்தில் ஸ்வைன்ஹைம், பன்னார்ட்ஸ் என்ற இரு ஜெர்மானியர் அதை 1465 அக்டோபர் 29-ல் அச்சிட்டு முடித்தனர். இத்தாலியில் தேதியோடு வெளிவந்த முதல் அச்சு நூல் அது! கிரேக்க மேற்கோள்களுக்கு அச்செழுத்து இல்லை. கையால் எழுதிக்கொள்ளட்டும் என்று முதலில் இடம் விட்டார்கள். பிறகு எழுத்தையே வார்த்துவிட்டார்கள்.

மொத்தம் 275 பிரதிகள். அடுத்து ரோமுக்குப் போய் மேலும் பல நூல்களை அச்சிட்டார்கள். கண்ட பலன்? விற்காத தாள்கள் வீட்டை அடைத்துக்கொண்டன, சாப்பாட்டுக்கு வழியில்லை என்று 1472-ல் போப்பாண்டவருக்கு விண்ணப்பம் போட்டார்கள். இன்றோ அந்த முதல் நூலை நூலகங்கள் பொக்கிஷமாகப் பூட்டிக் காக்கின்றன.