எண்ணெய் வயலுக்கும் வயதாகும்

மெக்சிகோவின் காம்பெச்சே வளைகுடாவில் ருடெசிந்தோ கன்டரெல் என்றொரு மீனவர் இருந்தார். கடலில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்து, அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸிடம் போய்ச் சொன்னவர் அவர். 1976இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட வயலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்றான கன்டரெல், கால் நூற்றாண்டு காலம் மெக்சிகோவின் கஜானாவை நிரப்பியது. உள்ளழுத்தம் தளர்ந்தபோது, 2000இல் பெரிய ஆலை ஒன்றைக் கட்டி நைட்ரஜனை நிலத்தடிக்குள் செலுத்தினார்கள். உற்பத்தி எகிறியது. 2004இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 லட்சம் பீப்பாய். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அதன்பின் சரிவு தொடங்கியது. 2012 வாக்கில் அது ஐந்து லட்சத்துக்கும் கீழே போய்விட்டது.

எட்டே ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்கு போயிற்று. ஆனால் அந்த வயலில் எண்ணெய் தீர்ந்துவிடவில்லை. இன்றும் அங்கே எண்ணெய் இருக்கிறது. உலக எண்ணெய் நிலவரத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது இதைத்தான்.

பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கியிருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். அது பாறையின் நுண்துளைகளுக்குள் ஊறிக் கிடக்கிறது. துளை போட்டவுடன், உள்ளேயிருக்கும் வாயுவும் நீரும் தரும் அழுத்தத்தால் தானாகவே மேலே வரும். அழுத்தம் குறைந்ததும் பம்பு வைத்து இறைக்க வேண்டும். அதுவும் போதாதபோது தண்ணீரையோ வாயுவையோ உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ள வேண்டும். சில ஆண்டுகளில், செலுத்திய தண்ணீரே எண்ணெயோடு கலந்து திரும்பி வரத் தொடங்கும். வயதான வயல்களில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு பல பீப்பாய் தண்ணீர் வருவது சாதாரணம். இத்தனைக்குப் பிறகும், பாறையில் இருப்பதில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கைத்தான் வெளியே எடுக்க முடிகிறது.

கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். முதல் குடம் சட்டென்று நிறையும். அடுத்தடுத்த குடங்களுக்கு ஊறி வரும்வரை காத்திருந்து சிரட்டையால் மொண்டு ஊற்ற வேண்டும். மணலுக்குள் நீர் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் காத்திருக்கும் வரிசைக்கு அது போதாது.

ஆகவே, ‘எண்ணெய் எப்போது தீரும்?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘இன்னும் 50 ஆண்டுக்கு இருக்கிறது’ என்று அடிக்கடி சொல்லப்படும் பதிலும் நம்மைத் திசைதிருப்புகிறது. இருப்பு என்று நாடுகள் அறிவிப்பதை ஓராண்டு உற்பத்தியால் வகுத்துக் கிடைக்கும் எண் அது. ஐம்பதாம் ஆண்டின் கடைசி நாள்வரை ஒரே வேகத்தில் வந்துகொண்டிருக்கும், மறுநாள் நின்றுவிடும் என்பதுபோல ஒரு கணக்கு. எந்த வயலும் அப்படி நடந்துகொண்டதில்லை. அறிவிக்கப்படும் இருப்பையும் முழுதாக நம்புவதற்கில்லை. 1980களில் எண்ணெய் ஏற்றுமதி செய்யும் ஒபெக் கூட்டமைப்பு நாடுகள் பலவும், பெரிய கண்டுபிடிப்பு எதுவும் நிகழாமலேயே, தங்கள் இருப்பைக் கிடுகிடுவென்று உயர்த்திக் காட்டின. அந்தக் கூட்டமைப்பில் யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற ஒதுக்கீட்டுப் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னவர் உண்டு. மேரியன் கிங் ஹப்பர்ட், ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த நிலவியலாளர். 1956 மார்ச்சில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், எண்ணெய்த் துறையினர் நிறைந்த கூட்டத்தில், அமெரிக்காவின் உற்பத்தி 1965க்கும் 1970க்கும் இடையே உச்சம் தொட்டு இறங்கும் என்றார். அவரைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1970இல் அது உச்சம் தொட்டது. அந்த ஆண்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, உச்சியில் நிற்கும்போது எண்ணெய் தாராளமாகத்தானே கிடைக்கும். 1972இல் டெக்சாஸ் தன் கிணறுகளை முழு வேகத்தில் ஓட்ட அனுமதித்தது. கையிருப்பில் உபரித் திறன் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். அடுத்த ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது, ஈடுகட்ட அமெரிக்காவிடம் ஒன்றுமில்லை. பீப்பாய் 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளின் முன் வண்டிகள் வரிசைகட்டி நின்ற அந்தக் குளிர்காலத்தில்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது.

அதே ஹப்பர்ட் உலக உற்பத்தி 2000ஐ ஒட்டி உச்சம் தொடும் என்றும் கணித்திருந்தார். அது பலிக்கவில்லை. 2005ஐ ஒட்டி வேறு பலரும் தேதி குறித்தார்கள். 2008 ஜூலையில் விலை 147 டாலரைத் தொட்டபோது அவர்கள் சொன்னதே நடக்கிறது என்று தோன்றியது. பிறகு ஷேல் வந்தது. இறுகிய பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறையால், சரிந்துகொண்டிருந்த அமெரிக்கா நாளொன்றுக்கு 1.3 கோடி பீப்பாயைத் தாண்டியது. ‘பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை’ என்று உலகம் பேச்சை விட்டுவிட்டது. தேதி குறித்தவர்கள் இந்த விழிப்புணர்வுக்குச் செய்த பெரிய கேடு இதுதான் என்பது என் கருத்து. தேதி தவறியதும், சொன்ன விஷயமே தவறென்று ஆகிவிட்டது. உண்மையில் ஷேல் கிணறு சாதாரணக் கிணற்றைவிட வேகமாக மூப்படைவது. முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஓடாமல் நின்றால் பின்தங்கிவிடுவோம் என்பதால் புதிது புதிதாகத் துளை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உலகம் முழுவதற்கும் இன்று இதுவே நிலை. 1973 நெருக்கடிக்குப் பின் பாரிஸில் அமைக்கப்பட்ட சர்வதேச எரிசக்தி முகமை 2025 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உச்சம் கடந்த வழக்கமான எண்ணெய் வயல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 5.6 சதவீதம் குறைகின்றன என்கிறது அது. எண்ணெய், எரிவாயு எடுப்பில் ஆண்டுதோறும் கொட்டப்படும் முதலீட்டில் ஏறத்தாழ 90 சதவீதம், குறைந்துபோனதை ஈடுகட்டவே செலவாகிறது. முதலீடு முழுதும் நின்றால் ஒவ்வோர் ஆண்டும் பிரேசில், நார்வே இரண்டின் உற்பத்தியும் சேர்ந்த அளவு காணாமல் போகும். பெரிய வயல்கள் அதிகம் அகப்பட்டது 1960களில். அதிலிருந்து புதுக் கண்டுபிடிப்புகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

நம் மும்பை ஹை கடல் எண்ணெய் வயலுக்கும் இதே கதைதான். சாகர் சாம்ராட் என்ற துளையிடும் மேடை 1974இல் அங்கே எண்ணெயைத் தொட்டது, 1980களின் இறுதியில் உற்பத்தி உச்சத்தில் இருந்தது, பிறகு தேய்ந்தது. 2011-12இல் 3.8 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் கச்சா எண்ணெய் உற்பத்தி, 2023-24இல் 2.9 கோடி டன்னுக்கு இறங்கியது. நாம் செலவழிப்பதில் 85 சதவீதத்துக்கும் மேல் கப்பலில் வருகிறது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து அரசு சேமித்துவைக்கக்கூடிய அவசரக் கையிருப்பு 53 லட்சம் டன். அது முழுதாக நிறைந்திருந்தாலும் சுமார் பத்து நாளுக்குத்தான் காணும்.

எரிபொருள் வராவிட்டால் என்னவாகும் என்று 2022இல் இலங்கை கண்டது. அங்கே குறைந்தது டாலர்தான், எண்ணெய் அல்ல. ஆனால் வரிசையில் நின்றவருக்கு அந்த வேறுபாடு எதற்கு உதவும்? ஆட்டோ ஓட்டுநர்கள் நாட்கணக்கில் காத்துக்கிடந்தார்கள், பள்ளிகள் மூடப்பட்டன, மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவர்கள் கரையிலேயே நின்றார்கள். கடைசியில் கியூஆர் குறியீடு காட்டினால் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று பங்கீடு வந்தது. கையில் காசு இருந்தவர்கள் கறுப்புச் சந்தையில் வாங்கிக்கொண்டார்கள். இல்லாதவர்களில் சிலர் வரிசையிலேயே செத்தும் போனார்கள்.

உலகச் சரிவு இப்படி ஒரே வாரத்தில் வராது. விலை ஏறும், தேவை சுருங்கும், விலை விழும், முதலீடு வறளும், மறுபடி ஏறும். பெட்ரோல் பங்கில் எழுதிப் போட்டிருக்கும் விலையை மட்டும் பார்ப்பவருக்கு நடுவில் வரும் மலிவான மாதங்களில் ஆபத்து நீங்கிவிட்டதாகவே தோன்றும்.

இந்தச் சரிவுக்கு எவ்வளவு முன்பே தயாராக வேண்டும் என்று அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ராபர்ட் ஹிர்ஷ் என்பவர் தலைமையில் 2005இல் ஓர் ஆய்வு நடந்தது. உச்சத்துக்கு 20 ஆண்டுகள் முன்பே மாற்று வேலைகளை முழுமூச்சாகத் தொடங்கினால் பற்றாக்குறையைத் தவிர்க்கலாம், உச்சம் வந்தபின் தொடங்கினால் 20 ஆண்டுகளுக்கு மேல் பற்றாக்குறையோடு வாழ நேரும் என்றது அது. மின்வாகனங்களால் தேவையே முதலில் குறைந்துவிடும் என்று இப்போது சிலர் வாதிடுகிறார்கள். அப்படி நடந்தால் நல்லதே. ஆனால் தானாக நடக்காது. இன்று ஒரு லாரி முதலாளி வாங்கும் டீசல் லாரி பதினைந்து ஆண்டு ஓடும், இன்று போடும் ரயில் பாதை நூறாண்டு இருக்கும். எந்த ஊருக்கு எத்தனை பேருந்து, எவ்வளவு சரக்கு ரயிலில், எந்தப் பம்புசெட் சூரிய மின்சாரத்தில் என்று சட்டமன்றத்திலும் நகராட்சிக் கூட்டத்திலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. விலை குறைந்திருக்கும் மாதங்களில்தான் அவற்றைக் கேட்க வேண்டும்.