பின்கட்டு அறையின் இருள்

சென்ற கார்த்திகை மாதத்தில் வத்திராயிருப்பிலிருந்து ஒரு பெண்மணி எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். பக்கவாதத்தால் எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு மாத்திரை வாங்கிச் செல்ல வந்தவர் அவர். சீட்டு எழுதும்போது, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "எனக்கு என்ன டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "மழைக்காலம் வந்தா மனசு கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும்" என்று தாமே சேர்த்துக்கொண்டார். மேலும் விசாரித்தபோது செய்தி வேறாக இருந்தது. மூன்று மாதமாக எதிலும் நாட்டமில்லை. எவ்வளவு உறங்கினாலும் எழும்போது உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. அண்டை வீட்டார் அழைத்தாலும் வெளியே செல்ல மனமில்லை. காரணமின்றிக் கண்ணீர் வருகிறது. (அவருடைய இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு இதனை எழுதுகிறோம்.)

மழைக்காலத்தின் மீது அவர் சுமத்திய பழியை ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது. அது முற்றிலும் தவறும் இல்லை, முற்றிலும் சரியும் இல்லை.

பருவத்தோடு வந்து பருவத்தோடு நீங்கும் மனச்சோர்வு ஒன்று உண்டு என்பதை 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசன்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் விரிவாக எழுதினர். ரோசன்தால் தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். வெயில் மிகுந்த அந்நாட்டிலிருந்து நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்த பின், குளிர்காலந்தோறும் தம் ஊக்கம் குன்றுவதைத் தாமே கண்டார். இந்நோய் உடையோர் குளிர்காலத்தில் மிகுதியாக உறங்குவர், மாவுப் பண்டங்களையும் இனிப்பையும் நாடுவர், எடை கூடும், பிறரோடு பேசுவதைத் தவிர்ப்பர். வசந்தம் வந்ததும் தெளிந்துவிடுவர். அடுத்த ஆண்டு மீண்டும் அதே நிலை.

நம்மவர்களும் அந்த இருளை அறிவார்கள். 1980களில் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற தமிழர் பலர் நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் பகுதியின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தனர். அந்த வடபுலத்தில் உள்ள டிரோம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. அப்பருவத்திற்கு 'இருட்காலம்' என்னும் பொருளுடைய பெயரே அவர்கள் மொழியில் வழங்குகிறது. வானியல் கணக்கின்படி கதிரவன் திரும்பிய பின்னரும் சுற்றியுள்ள மலைகள் மறைப்பதால், நகரத்தார் ஜனவரி 21ஆம் நாளையே சூரிய நாளாகக் கொண்டாடுகின்றனர். பொங்கல் அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுகிறது. கதிரவனுக்குரிய நாளில் கதிரவனே கண்ணில் படாத ஊரில் பொங்கல் வைப்பவரின் மனம் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆயினும் அங்கு வாழ்வோர் எல்லாரும் நோயுறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பலர் சற்றுச் சோர்வோடு கடந்துவிடுகின்றனர். சிலரை மட்டுமே அது வீழ்த்துகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். வத்திராயிருப்பில் மார்கழியின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். ஆனியின் மிக நீண்ட பகல் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம் அளவு. வேறுபாடு எழுபது நிமிடமே. இலண்டனில் குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்திற்கும் குறைந்துவிடுகிறது. நமக்கு மேற்கே மலைத்தொடர் எழுந்து நிற்பதால் மாலை வெயில் சற்று முன்னரே மறைகிறது என்பதும், ஐப்பசி கார்த்திகையில் மேகம் கவிந்திருக்கும் என்பதும் உண்மை. எனினும் பகல் நேரத்து மேகமூட்டமான வானமும் பல ஆயிரம் லக்ஸ் ஒளியைத் தருகிறது (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மீது விழும் ஒளியை அளக்கும் அலகு). தெளிந்த நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை எட்டும். ஆகவே வடநாடுகளில் உள்ளது போன்ற குளிர்கால இருள் நம் ஊரில் இல்லை.

அப்படியானால் அந்தப் பெண்மணிக்கு ஒளி எங்கே குறைந்தது? அவருடைய வீட்டின் அமைப்பைக் கேட்டபோது விளங்கிற்று. திண்ணை, ரேழி, கூடம், பின்கட்டு என நீளும் பழைய வீடு. நடுவிலிருந்த முற்றத்தைத் திருட்டுப் பயத்தாலும் மழைச் சாரலாலும் சில ஆண்டுகளுக்கு முன் தளம் போட்டு மூடிவிட்டனர். கழிவறை அருகில் இருக்க வேண்டும் என்பதால் மாமியாரின் கட்டில் பின்கட்டு அறையில். அங்கே பகலிலும் ஒரு டியூப் லைட். அத்தகைய அறையில் நூறு, இருநூறு லக்ஸ் இருந்தாலே மிகுதி. காலை ஐந்தரை மணிக்கு வாசல் தெளித்துக் கோலமிடுவதோடு அவருடைய வெளியுலகம் முடிந்துவிடுகிறது. அப்போது விடிந்திருப்பதும் இல்லை. தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, இவ்விருவரும் எட்டு மாதமாக ஒரு நார்வேக் குளிர்காலத்தை வீட்டினுள் கழித்திருக்கின்றனர்.

ஒளிக்கும் மனத்திற்கும் உள்ள தொடர்பு கண்ணின் வழியே அமைகிறது. விழித்திரையில், பார்வைக்கென அமைந்த செல்களோடு, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணரும் சில செல்களும் உள்ளன. அவை மூளையின் அடிப்பகுதியில் உள்ள உயிர்க்கடிகாரத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. காலை ஒளி பட்டதும் இரவு ஹார்மோனான மெலடோனின் அடங்குகிறது; உறக்கம், பசி, உடல் வெப்பம் ஆகியவை அன்றைய நாளுக்கு ஒழுங்காகின்றன. மங்கிய அறையிலேயே நாளெல்லாம் இருப்பவருக்கு அந்தக் கடிகாரம் தளர்ந்துவிடுகிறது. முதியோர் பகலில் உறங்குவதும், இரவில் விழித்துப் பிதற்றுவதும், குடும்பத்தார் அதனைப் பிடிவாதம் என்று எண்ணுவதும் நாங்கள் வார்டில் அன்றாடம் காண்பவை.

கனடாவின் எட்மண்டன் நகர மருத்துவமனை ஒன்றில் மனச்சோர்வு நோயாளிகளைக் கணக்கிட்டனர். 1996இல் வெளியான அம்முடிவின்படி, வெயில் படும் அறைகளில் இருந்தோர் சராசரியாக 16.9 நாளிலும், வெளிச்சம் குன்றிய அறைகளில் இருந்தோர் 19.5 நாளிலும் வீடு திரும்பினர். இத்தாலியின் மிலான் நகரில் 2001இல் வெளியான ஆய்வு, இருமுனை நோயால் சோர்வுற்றிருந்தோரில் கிழக்கு நோக்கிய அறையினர் ஏறத்தாழ மூன்றரை நாள் முன்னதாகவே வீடு சென்றனர் என்றது. இவற்றை அறிந்த பின், குளிர்காற்று படும் என்று அஞ்சி வார்டின் சன்னலைப் போர்வையால் மறைக்கும் உறவினரிடம் நாங்கள் ஏன் வாதாடுகிறோம் என்பது புரியும். பிள்ளை பெற்ற தாயை வாரக்கணக்கில் இருட்டறையில் வைத்திருக்கும் வழக்கத்தையும் இத்துடன் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்: அறை கதகதப்பாக இருக்கட்டும், இருட்டாக இருக்க வேண்டியதில்லை.

செய்யத்தக்கது எளிது. நோயாளியின் கட்டிலை இயன்றவரை கிழக்குச் சன்னலுக்கு அருகே நகர்த்துங்கள். உட்கார இயல்வோரைக் காலை ஏழு மணிக்கும் எட்டரைக்கும் இடையே அரை மணி நேரம் திண்ணையிலோ வாசலிலோ அமர்த்துங்கள். நிழலே போதும், சூரியனை நேரே நோக்கக் கூடாது. இரவில் அவ்வறையில் ஜீரோ வாட் பல்பு மட்டும் எரியட்டும். பார்த்துக்கொள்பவரும் இதே அரை மணியைத் தமக்கென எடுத்துக்கொள்ள வேண்டும். காலைக் காப்பியை அடுப்படியில் நின்றபடி குடிக்காமல் வெளியே அமர்ந்து குடிப்பது ஆடம்பரம் ஆகாது. அதுவரை நோயாளியின் அருகில் இருக்க வீட்டில் இன்னொருவர் முன்வர வேண்டும். இதைக் குறிப்பாக ஆண்களுக்குச் சொல்கிறேன்.

சில எச்சரிக்கைகள். குளோர்புரோமசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு வெயிலில் தோல் எளிதில் புண்ணாகும். லித்தியம் உட்கொள்வோர் வியர்த்து நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். விழித்திரை நோய் உடையோரும், இருமுனை நோய் உடையோரும் மருத்துவரைக் கேட்டே ஒளிச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். வைட்டமின் டி பற்றியும் பலர் கேட்கின்றனர். அது தோலில் நேரே வெயில் பட்டால் உருவாவது. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் உதவாது. எலும்புக்கு அது இன்றியமையாதது. ஆனால் அம்மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கும் என்பதைப் பெரிய ஆய்வுகள் உறுதி செய்யவில்லை.

அயல்நாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். டிசம்பரில் டொராண்டோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பேசும் மகன், "ஒன்றுமில்லை அம்மா, தூக்கம் தூக்கமாய் வருகிறது" என்று தொலைபேசியைச் சீக்கிரம் வைத்துவிட்டால், சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். சென்ற ஆண்டும் இதே மாதத்தில் இப்படி இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருந்தால் அங்குள்ள மருத்துவரைக் காணச் சொல்லுங்கள். காலையில் 10,000 லக்ஸ் ஒளி தரும் விளக்கின் முன் அரை மணி நேரம் அமர்வது அங்கு வழக்கமான சிகிச்சை. கனடாவில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், அவ்விளக்கும் ஃப்ளுவாக்செட்டின் மாத்திரையும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன.

ஆயினும், ஒளி மட்டும் எல்லாச் சோர்வையும் போக்கிவிடாது. இரண்டு வாரத்திற்கு மேல் மனம் வாடியிருந்தால், உணவும் உறக்கமும் மாறியிருந்தால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றியிருந்தாலும், காத்திராமல் வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

அந்தப் பெண்மணிக்கு மருந்தும் தொடங்கினோம், கட்டிலை மாற்றவும் சொன்னோம். கட்டில் கூடத்து நிலைப்படியில் நுழையவில்லை என்று அடுத்த முறை வந்து சொன்னார். தச்சரை அழைத்துக் கால்களைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து மீண்டும் பொருத்தினார்களாம். மாமியார் இப்போது சன்னல் வழியே தெருவில் போவோரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். மருமகள் ஏழு மணிக்குத் திண்ணையில் அமர்கிறார். அந்த நேரத்தில் கணவர் தம் தாய்க்குப் பல் துலக்கி விடுகிறார். அழுகை குறைந்திருக்கிறது, சோர்வு இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. மாத்திரையைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டு, தை பிறந்ததும் மீண்டும் வருமாறு சொல்லியிருக்கிறோம்.