மந்தநிலையும் வேலை நாள்களும்

பொருளாதார மந்தநிலை என்றதும் வேலையிழப்பே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பல தொழில்களில் முதலில் குறைவது ஆள்களின் எண்ணிக்கை அல்ல. வேலை நேரமும் வேலை நாள்களுமே. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களைக் கொண்டு இதை மாணவர்களுக்கு எளிதில் விளக்கலாம்.

காப்பியின் விலை உலகச் சந்தையைச் சார்ந்தது. நாடுகளுக்கு ஏற்றுமதி அளவை ஒதுக்கி விலையைக் காத்துவந்த பன்னாட்டு ஏற்பாடு 1989-இல் முடிவுக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் வியட்நாமின் விளைச்சல் பெருகியது. 2001-இல் உலகச் சராசரி விலை ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 46 அமெரிக்க சென்ட்டாகச் சரிந்தது. இந்தியக் காப்பி வாரியமே விளைச்சலைத் திரட்டி விற்ற முறையும் 1990-களில் கைவிடப்பட்டிருந்ததால், உலக விலைச் சரிவு நம் விவசாயிகளை நேரடியாகத் தாக்கியது.

விலை சரியும்போது தோட்டத்தில் என்ன நடக்கும்? பழுத்த பழத்தைப் பறித்தே ஆக வேண்டும். களையெடுத்தல், கவாத்து, உரமிடல், நிழல் மரங்களின் கிளை கழித்தல் ஆகியவற்றைத் தள்ளிப்போடலாம். ஆகவே பறிப்புக் காலம் முடிந்ததும் வேலை நாள்கள் சுருங்கும். தற்காலிகத் தொழிலாளர்களே முதலில் பாதிக்கப்படுவர்.

இந்தப் பாதிப்பு வேலையின்மைப் புள்ளிவிவரத்தில் முழுமையாகத் தெரியாது. நம் நாட்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில், நடப்பு வார நிலைப்படி, வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் உள்ளவரே. இதனால்தான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கொரோனா பாதித்த 2020-ஆம் ஆண்டின் இழப்பை வேலை நேரத்தாலும் அளந்தது. அவ்வாண்டு உலக வேலை நேரத்தில் 8.8 விழுக்காடு குறைந்தது, இது 25.5 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம்.

வகுப்பறையில் ஒரு கணக்குத் தரலாம். ஒரு தோட்டத்தில் 30 பேர் வாரம் 6 நாள் உழைக்கின்றனர். மொத்தம் 180 ஆள் நாள்கள். மந்தநிலையில் தேவை 120 ஆகக் குறைகிறது. 10 பேரை நிறுத்தலாம். அல்லது 30 பேருக்கும் வாரம் 4 நாள் வேலை தரலாம். இரண்டாவது வழியில் எவருக்கும் வேலை போகவில்லை. ஆனால் ஒவ்வொருவர் கூலியிலும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எது நியாயம் என்று மாணவர்கள் விவாதிக்கட்டும். ஜெர்மனி 2009-இல் இரண்டாவது வழியைப் பெரிதும் பின்பற்றியது. இழந்த ஊதியத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுசெய்தது.

இப்பாடத்தில் கற்பனை எண்களையே பயன்படுத்துவோம். எந்தக் குழந்தையிடமும் பெற்றோரின் வருமானத்தை வகுப்பின் முன் கேட்க வேண்டாம். வேலை தேடிக் குடும்பம் மலையிறங்கினால், குழந்தையும் உடன் போக நேரிடும். பறிப்புக் காலத்துக்குப் பின் வருகைப் பதிவேட்டில் இடைவெளி தென்பட்டால், காரணத்தைத் தனியே விசாரிப்போம். புள்ளிவிவரம் காட்டாத மந்தநிலையை அந்தப் பதிவேடு காட்டக்கூடும்.